அழைப்பிதழை வாசித்தவள்

முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு இலக்கியக் கோட்பாடு என்று ஒரு தாள் உண்டு. பனுவல், சொல்லாடல், கட்டுடைப்பு என்ற சொற்களைக் கேட்டதுமே பிள்ளைகளின் முகம் வாடிவிடும். தேனிப் பக்கம் நான் வேலை பார்த்த கல்லூரியில் நிரந்தர ஆசிரியர்கள் யாரும் அதைத் தொட முன்வரவில்லை. ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு வாங்கி வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளரான என் தலையில் கட்டினார்கள். எனக்கு அது பிடித்த பாடம் என்பதை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

முதல் வாரமே கையேட்டை மூடிவைத்தேன். "வீட்டில் அச்சடித்த எழுத்து எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். இதில் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், யாருடைய குரல் இதில் இல்லை என்று பார்ப்போம்" என்றேன். சின்னமனூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன் திராட்சைக்கு அடிக்கும் பூச்சிமருந்துப் பொட்டலத்தின் உறையைக் கொண்டுவந்தான். முன்பக்கம் பெரிய திராட்சைக் குலை. பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத அளவில், எச்சரிக்கை முழுக்க ஆங்கிலத்தில். "இதை அடிக்கிறது எங்கப்பா மேடம். அவருக்குப் புரியிற மாதிரி ஒரு வரிகூட இதுல இல்ல" என்றான். அன்று வகுப்பு விழித்துக்கொண்டது.

மறுநாள் ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். அவள் கையில் இருந்தது அவளுடைய கல்யாணப் பத்திரிகை. எங்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே கொடுத்திருந்தாள்.

"இதுல பேசுறது எங்கப்பா. கேக்குறது ஊர்ப் பெரியவுக. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாருக்கும் தொழிலோட பேரு போட்டிருக்கு. எங்கம்மா பேரு இல்ல" என்றாள்.

"அவசரத்துல விட்டுப்போயிருக்கும்" என்றான் ஒருவன்.

"இல்ல. அச்சுக்குக் கொடுக்க முந்தி எல்லாரும் உக்காந்து திருத்துனாக. யாரு பேராச்சும் விட்டுப்போச்சான்னு எங்கம்மாகிட்டதான் கேட்டாக. அவுகதான் ஒவ்வொரு பேரா எடுத்துக் கொடுத்தாக."

அவள் அடுத்த வரிக்குப் போனாள். "'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி'ன்னு இருக்கு. எந்தப் பெரியோருன்னு இல்ல. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யாரைப் போயிக் கேக்குறது?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எம் பேருக்குப் பின்னால எம்.ஏ.ன்னு போட்டிருக்கு. முகூர்த்தத்தோட படிப்ப நிறுத்தணும்னு பேசி முடிச்சிட்டாக. படிக்காத பட்டம் அச்சாகிருச்சு மேடம்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

இத்தனை வருடங்களில் அப்படி ஒரு வாசிப்பை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. கட்டுரையாக எழுதித் தரச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்பே எழுதித் தந்துவிட்டாள். கல்லூரி மலரில் போடலாம் என்று அதைத் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். "வைங்கம்மா, பாக்கலாம்" என்றார்.

கல்யாணத்துக்குப் போனேன். மேடைக்குப் பக்கத்தில் வியர்வையோடு நின்றிருந்த அவள் அம்மாவிடம் பெயர் கேட்டேன். "எம் பேரா டீச்சர்?" என்று தயங்கி, சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மலர் வந்தது. கட்டுரை அதில் இல்லை. சில மாதங்கள் கழித்து, மதுரையில் நடந்த ஒரு கருத்தரங்கின் தொகுப்பு நூல் துறைக்கு வந்தது. புரட்டினேன். திருமண அழைப்பிதழ்களைப் பற்றித் துறைத்தலைவரின் கட்டுரை. பெயர் எடுத்துக் கொடுத்த அம்மா அதில் 'கள ஆய்வில் சந்தித்த ஒரு பெண்மணி' ஆகியிருந்தார்.

நூலை அவர் மேசையில் வைத்தேன். "சார், இது அந்தப் பொண்ணு எழுதுனது."

அவர் பதறவில்லை. "எழுதுனவரை மறந்துட்டு எழுத்தை மட்டும் பாருங்கன்னு உங்க கோட்பாட்டுப் பாடத்துலயே இருக்குதேம்மா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அந்தப் புள்ள படிப்பையே விட்டுருச்சு. அது பேரைப் போட்டு என்ன ஆகப்போகுது? நீங்க உங்க ஜூன் மாச நீட்டிப்பைப் பாருங்க. அது என் கையெழுத்தோடதான் போகணும்" என்றார்.

முதல்வரிடம் போவது என்று முடிவு செய்தேன். ஆனால் அது தன் எழுத்து என்று அவள் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த நூலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கோம்பைக்குப் போனேன். அங்கேதான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமியார் மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அவள் என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனாள். துவைகல் அருகில் நின்றபடியே கட்டுரையை முழுதும் படித்தாள்.

"நல்லாத்தான் வந்திருக்கு மேடம். எம் பேரு எங்கனயும் இல்லல்ல?"

"இல்ல. அதுக்குத்தான் வந்தேன். நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பிரின்சிபால்கிட்டப் போவோம்."

"வேணாம் மேடம்." குரலைத் தாழ்த்தினாள். "பேரு வந்தா இவுக காதுக்குப் போகும். கல்யாணப் பத்திரிகையக் கேலி பண்ணி எழுதிருக்கான்னு பேசுவாக. நான் இங்கனதான இருக்கணும்? கல்யாணப் பத்திரிகையில எம் பேரு இருந்துச்சு, அது போதும். இதுல இல்லாம இருக்குறதே நல்லது." நூலைத் திருப்பிக் கொடுத்தாள். "இதையும் கொண்டுபோயிருங்க. வீட்டுல கெடந்தா யாராச்சும் எடுத்துப் பாப்பாக."

கிளம்பும்போது மாமியார் கேட்டார்: "படிக்கிறப்ப நல்லாப் படிப்பாளா டீச்சர்?"

"ரொம்ப நல்லாப் படிப்பா."

"இங்கன வேலையும் குத்தஞ்சொல்ல முடியாம செய்யிறா" என்றார். அவர் என்னவோ மனதாரத்தான் சொன்னார்.

அந்த ஜூனில் எனக்கு நீட்டிப்பு வந்தது. அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று துறையில் பேசிக்கொண்டார்கள். மறுக்க வழியில்லை, மறுத்தால் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்பாட்டுத் தாளைத் துறைத்தலைவரே எடுத்துக்கொண்டார். இப்போது அது மதிப்பான பாடமாகிவிட்டது. எனக்கு முதலாண்டுப் பொதுத்தமிழ். மாதிரிக் கட்டுரை என்று அவருடைய கட்டுரையை நகலெடுத்துக் கொடுக்கிறார். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்.

போன மாதம் ஒரு மாணவி அந்த நகலோடு என்னிடம் வந்தாள். ஆண்டிபட்டியிலிருந்து வருகிற பெண். ஒரு வரியில் விரலை வைத்தாள். 'முகூர்த்தத்திற்குப் பிறகு நான் வகுப்புக்கு வர மாட்டேன்' என்று இருந்தது. திருத்தி எழுதியபோது அவர் கண்ணுக்குத் தப்பிய வரி. என் கண்ணுக்கும் அதுவரை தப்பியிருந்தது.

"சார் எதுக்கு மேடம் வகுப்புக்கு வர மாட்டாரு?"

"சார்கிட்டயே கேட்டியா?"

"கேட்டேன் மேடம். அந்த வரி பரீட்சைக்கு வராது, விட்டுருன்னு சொல்லிட்டாரு."

நகலை மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.