சின்ன எஞ்சினும் நெல்லியாம்பதி மேடும்

வண்டி வாங்குவதைப் பற்றி எனக்கும் மச்சானுக்கும் நடந்த வாக்குவாதம் இரண்டு மாதம் நீண்டது. மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். கேரள எல்லையில், கொல்லங்கோட்டில் எனக்கு மொத்தக் காய்கறிக் கடை. பொள்ளாச்சிப் பக்கத்துச் சரக்கு கோவிந்தாபுரம் வழியாக வரும். அதை எடுத்துக்கொண்டு கொல்லங்கோடு, சித்தூர் சுற்றுவட்டாரத்துக் கடைகளுக்குப் போடுவது மச்சானின் வேலை. ஞாயிறு தவிர தினமும் ஓட்டம். வியாழக்கிழமை மட்டும் நெல்லியாம்பதி மலைக்கு, எஸ்டேட் கேன்டீன்களுக்கு.

பழைய பிக்கப் பெரிய எஞ்சின் வண்டி. பதினான்கு வருடம் உழைத்தது. அடித்தகடு துருப்பிடித்து, மழை நாளில் மச்சானின் காலடியில் ரோட்டுத் தண்ணீர் தெறிக்கும். இனி டெஸ்ட்டுக்குக் கொண்டுபோனாலும் பாஸாகாது என்று ஆனபிறகுதான் புது வண்டிப் பேச்சு வந்தது.

"மலை ஏறுற வண்டிக்கு எஞ்சினு பெருசா இருக்கோணும் மாப்ள," என்றார் மச்சான். "சின்ன எஞ்சினு சமதரையில சொன்னபடி கேக்கும். மேட்டுல கேக்காது."

"வாரத்துல ஒருநாள்தானுங்க மச்சான் மலை. மிச்ச நாளெல்லாம் சமதரை. அந்த ஒருநாளுக்காக மத்த நாளெல்லாம் பெரிய எஞ்சினுக்குத் தீனி போடறதா?"

நான் விசாரிக்காமல் பேசவில்லை. ஒரு லிட்டருக்கும் குறைவான, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் பொருத்திய சின்ன பிக்கப்பைப் பார்த்து வைத்திருந்தேன். பெட்ரோல் வண்டி வாங்கும்போது மலிவு, பாரம் ஏற்றினால் எண்ணெய் குடிக்கும். கேஸ் வண்டிக்கு எங்கள் வழியில் பங்க் இல்லை. டீசல் என்றால் எஞ்சின் சின்னதானாலும் மெதுவான ஓட்டத்திலேயே இழுவை கிடைக்கும், முக்கிக்கொண்டாவது ஏறிவிடும். சந்துகளில் திரும்பும். இதையெல்லாம் மச்சானிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொன்னதில் எதுவும் பொய்யில்லை. அதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார். "கடை உன்னோடது. நீ வாங்கிக் குடு, நான் ஓட்டறேன்."

முதல் நான்கு மாதம் நான் ஜெயித்தவன் போலத்தான் இருந்தேன். பழைய வண்டி குடித்ததில் பாதிகூட இது குடிக்கவில்லை. மலைக்கும் போய்வந்தது. மூட்டைகளைக் குறைத்துக்கொண்டு, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக, பின்னால் வரும் ஜீப்காரர்களின் ஹாரனைக் கேட்டுக்கொண்டே மச்சான் ஏற்றிவிடுவார். "நடந்து போறவன் நம்மள முந்தறான் மாப்ள," என்பார். குறையாகச் சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டு சொல்வார்.

ஐந்தாவது மாதம் மீட்டர் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. புதிதாக வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி நிற்காமல் ஓடினால் அந்தக் கரி தானாக எரிந்துபோகும். நாங்கள் ஓட்டியது அப்படியில்லை. ஒரு கடையில் இறக்கிவிட்டு அரை கிலோமீட்டர் தள்ளி அடுத்த கடை. அங்கே பத்து நிமிஷம். பிறகு இன்னொன்று. எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுவோம். கரி அப்படியே அடைந்துகொண்டு வந்தது.

சர்வீஸ் நிலையத்து மெக்கானிக் எங்களைத் திட்டாத குறை. "இது ஓடறதுக்கு உண்டான வண்டிங்க. நீங்க இத நிக்க வெச்சே கொல்றீங்க. வாரத்துல ஒருக்கா நாலுவழி ரோட்டுல அரைமணி நேரம் ஒரே வேகத்துல ஓட்டுங்க. கரி எரிஞ்சுக்கும்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மச்சான் காலி வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கஞ்சேரிப் பக்கத்து நாலுவழி ரோட்டுக்குப் போவார். சில தடவை நானும் போனேன். எதையும் ஏற்றாமல் போய், எதையும் இறக்காமல் திரும்பி வருவோம். வண்டி கடகடவென்று இரைந்துகொண்டு ஓடும். ஒருமுறை அவர் சொன்னார்: "டீசலை மிச்சம் பண்ண வாங்குன வண்டிக்கு, கரியை எரிக்க டீசல் ஊத்தறோம் மாப்ள."

ஆடி மழை பிடித்துக்கொண்டபோது இரண்டு வெள்ளிக்கிழமை தவறிப்போனது. ஒரு வெள்ளி கல்யாண வீட்டுச் சரக்கு. அடுத்த வெள்ளி அக்காவுக்குக் காய்ச்சல். திங்களன்று மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. வியாழன் காலை மூட்டைகளை ஏற்றும்போது மச்சான் சொன்னார்.

"நாலு நாளா விளக்கு எரியுது. இன்னைக்கு மலை வேண்டாம். நெம்மாறையில ஒரு ஜீப்பு சொல்லிருவோம்."

நான் யோசித்துத்தான் சொன்னேன். "மேட்டுல ஏறும்போது எஞ்சினு நல்லா காயுமில்லீங்களா? கரி தானா எரிஞ்சிரும். நாலுவழி ரோட்டுக்குப் பதிலா மலைன்னு வெச்சுக்கலாம்."

அவர் தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

அன்று சுமை இறக்கும் ஆள் வரவில்லை. அதனால் நானே கூடப் போனேன். முட்டைக்கோஸ், வெங்காயம், உருளைக்கிழங்கு, இரண்டு அரிசி மூட்டை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம்தான். போத்துண்டி அணையைத் தாண்டி, வனத்துறை செக்போஸ்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறத் தொடங்கினோம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. மூன்று கொண்டையூசி வளைவு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான்காவதில் மஞ்சள் விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கு எரிந்தது. யாரோ எஞ்சினின் கழுத்தைப் பிடித்த மாதிரி சத்தம் அடங்கியது. மச்சான் ஆக்சிலேட்டரைத் தரை வரைக்கும் மிதித்தார். வண்டி அதே முனகலோடு ஊர்ந்தது. தனக்குக் கெடுதல் வந்துவிடாமலிருக்க வண்டியே தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

ஐந்தாவது வளைவைத் திரும்பி இருபதடி போயிருப்போம், நின்றுவிட்டது. முதல் கியரிலும் ஏறவில்லை. பஸ்ஸுக்கு வழி விடவேண்டும் என்று மச்சான் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, மெல்லப் பின்னால் இறக்கி, வளைவின் அகலமான ஓரத்தில் கட்டைச்சுவருக்கு முன்னால் நிறுத்தினார். சுவருக்கும் வண்டியின் பின்பக்கத்துக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் இருந்தது.

"பாதி மூட்டைய இங்க இறக்கி வெச்சுட்டு மேல போய்ட்டு வருவோம். நீ சக்கரத்துக்குக் கல்லு வை."

எஞ்சினை அணைத்துக் கியரில் நிறுத்துவதுதான் அவர் வழக்கம். அன்று அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் நடுமலையில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். கியரை எடுத்துவிட்டு, கைப்பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு இறங்கினார். நான் கட்டைச்சுவர் ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்து வலது பின்சக்கரத்துக்குக் கீழே வைத்தேன். மழையில் தேய்ந்த உருண்டைக் கல். இன்னொரு கல் தேடி நாலடி நடந்தேன். அதற்குள் மச்சான் பின்கதவைத் திறந்து முதல் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்.

கல் ரோட்டில் வழுக்கிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வண்டி நகர்ந்தது ஒரு முழத்துக்கு மேல் இருக்காது. மச்சானின் வலது கால் தொடைக்குக் கீழே சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்தது. அவர் கத்தவில்லை. "மாப்ள, வண்டிய எடு," என்றார், கடையில் சாதாரணமாகச் சொல்வது போல.

ஓடிப்போய் ஏறினேன். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதல் கியர் போட்டு, கைப்பிரேக்கை விட்டு, முழுக்க மிதித்தேன். வண்டி முனகிக்கொண்டு ஒரு சாண் முன்னால் போனது. அவ்வளவுதான் அதற்கு முடிந்தது. அங்கேயே நடுங்கி நின்று, மறுபடி பின்னால் வந்தது. அப்போதுதான் அவர் கத்தினார். அந்தக் கத்தலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். காலை எடுத்தால் இன்னும் இறங்கும். இறங்கிப்போய் மூட்டைகளைத் தள்ள முடியாது. இன்னொரு முறை ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்க்கத் தைரியம் இல்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பக்கக் கண்ணாடியில் அவர் தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. மழை பெய்துகொண்டிருந்தது.

மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. ஹாரனை அழுத்திப் பிடித்தேன். பஸ் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுக் குதித்து ஓடிவந்தார். பின்னாலேயே எஸ்டேட் ஆட்கள் ஏழெட்டுப் பேர். நான் எஞ்சினை முடுக்கப் போனேன். "வேண்டா, வேண்டா," என்று டிரைவர் கையைக் காட்டினார். "எல்லாரும் கூடிப் பிடிச்சா மதி." எஞ்சின் வேண்டாம், ஆட்களின் கைகளே போதும் என்கிறார். இரண்டு பேர் மேலே ஏறி மூட்டைகளை ரோட்டில் உருட்டினார்கள். மற்றவர்கள் பின்பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். எஞ்சினால் முடியாததை ஐந்தாறு மனிதர்கள் செய்தார்கள்.

பஸ்ஸின் நீளச் சீட்டில் படுக்கவைத்து நெம்மாறைக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருச்சூருக்கும் கொண்டுபோனோம். பஸ்ஸில் ஒரு பெண் தன் துண்டால் தொடையை இறுக்கிக் கட்டியிருந்தாள். அதனால்தான் உயிர் தங்கியது என்றார்கள். காலைக் காப்பாற்ற இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் முட்டிக்கு மேலே எடுத்தார்கள்.

அக்கா ஆஸ்பத்திரியில் என்னோடு சண்டை போடவில்லை. சாப்பாடு வாங்கிவரச் சொன்னாள், மருந்துச் சீட்டைக் கொடுத்தாள், அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்.

"பெரிய வண்டிதான் வேணும்னு அவரு சொன்னாருல்ல?"

"ஆமாக்கா."

"மலைக்கு வேண்டாம்னும் சொன்னாருல்ல?"

"சொன்னாருக்கா."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

மச்சானிடம் நானே பேசினேன். என்னால்தான் எல்லாம் என்றேன். அந்த எஞ்சினால்தான் என்றும் சொன்னேன். அவர் எரிச்சலோடு இடைமறித்தார்.

"எஞ்சினு மேல பழிய போடாத. கியர்ல நிறுத்தாம எறங்குனது நானு. உருண்டைக் கல்லு வெச்சது நீ. விளக்கு நாலு நாளாச் சொல்லுச்சு, ரெண்டு பேரும் பாத்துட்டுத்தான இருந்தோம்?"

மன்னித்தாரா, கணக்காகப் பழியைப் பிரித்துக் கொடுத்தாரா என்று எனக்கு விளங்கவில்லை.

வண்டியை விற்பதென்று முடிவானது. வடிகட்டியைச் சுத்தம் செய்து, பின்கதவின் நெளிவைத் தட்டி, பெயின்ட் அடித்து நிறுத்தினேன். விளக்கு எதுவும் எரியவில்லை. சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். தேங்காய்ப் பருப்பைக் காங்கயத்து ஆலைகளுக்குக் கொண்டுபோகிறவர். வருகிறவரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை என்று நான் மனதுக்குள் தீர்மானித்திருந்தேன். மச்சான் அன்று ஆட்டோ பிடித்து, இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க, ஏதாச்சும் தொந்தரவு உண்டுங்களா?" என்று வந்தவர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் சொல்லத் தொடங்கினார். மஞ்சள் விளக்கு, அடைந்த கரி, ஐந்தாவது வளைவு, கல், சுவர் எல்லாவற்றையும். கடைசியில் தன் மடித்துக் கட்டிய வேட்டியைக் காட்டினார். வந்தவர் முகம் வெளுத்துவிட்டது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்கதவுப் பக்கம் மட்டும் போகவில்லை.

"ரத்தம் பட்ட வண்டிங்களே," என்றார்.

"கழுவியாச்சுங்க," என்றார் மச்சான். "உங்க ரூட்டு எப்படி? நடுவுல நிறுத்தி நிறுத்தி எடுப்பீங்களா?"

"இல்லீங்க. ஏத்துனா நேரா காங்கயம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டம்."

"மேடு?"

"பெருசா ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப இத எடுத்துக்கலாம். உங்களுக்கு இது ராசாவாட்ட ஓடும். பாரத்த மட்டும் அளவுக்கு மேல ஏத்தாதீங்க."

வந்தவர் யோசித்துவிட்டு மறுவாரம் வந்து எடுத்துக்கொண்டு போனார். ஒன்றரை வருடமாகிறது. ஒரு தொந்தரவும் இல்லை என்று போனில் சொல்கிறார். சின்ன டீசல் எஞ்சின் சரியா தப்பா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்குச் சரியாக இருக்கிறது. எங்களுக்குச் சரியாக இல்லை. அது எங்களுக்குச் சரியாக இருக்காது என்பதை மச்சான் வண்டி வாங்குவதற்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார். நான் எண்ணெய்ச் செலவை மட்டும் பார்த்தேன்.

மலைச் சரக்கை நெம்மாறைக்காரர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். கோவிந்தாபுரத்துக்கு வாடகை வண்டி. மச்சான் கடையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். செயற்கைக் கால் பொருத்திப் பார்த்தார்கள். புண் வந்து கழற்றி வைத்துவிட்டார். மாதம் ஒருமுறை அவரை ஆட்டோவில் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். பாலத்திலிருந்து ஆட்டோ இறங்கும்போதெல்லாம் அவர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது இடுப்பை அழுத்துவார். இல்லாத காலால் பிரேக் மிதிக்கிறார். ஒருநாள், "வலிக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"பாதத்துல வலிக்குது மாப்ள," என்றார்.