மூக்காயி ஆட்டுக்குக் குரல் கொடுத்த ஜெயராணி

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துல பிறந்த ஜெயராணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு ஆடு. நிஜ ஆடு இல்லைங்க, டிவி கார்ட்டூன்ல வர்ற ஆடு. மூக்காயின்னு பேரு. கயித்துல கட்டிக் கிடந்தாலும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் வாயாலயே ஓட ஓட விரட்டும். அந்த வாய் ஜெயராணியோட வாய்.

குண்டசாலையில ஒரு மாடி வீட்டுல அந்தக் கார்ட்டூனைச் செஞ்சவர் மடவளைக்காரர் ஷப்ராஸ். கண்டி டவுன்ல சாரிக்கடை வாசல்ல நின்னு ஜெயராணி கடைக்கு ஆளுங்களைக் கூப்பிட்ட குரலைக் கேட்டுத்தான் பிடிச்சுக்கிட்டுப் போனார். மொத ரெண்டு சீசனும் அவ பேசின பிறகுதான் படம் வரைவாங்க. "நீங்க பேசுங்க தங்கச்சி, வாய நாங்க வரைஞ்சுக்குறோம்"னு சொல்வார். லயத்துப் பீலிக் குழாய்ல தண்ணி பிடிக்கிறப்ப நடக்கிற சண்டையை அவ அப்படியே கொண்டுபோய்க் கொட்டுவா. ஆடு அதைப் பேசும். ஞாயித்துக்கிழமை காலையில அது டிவியில வர்றப்ப லயத்துல ஒரு புள்ளையும் வெளிய தலைகாட்டாது. பெருசுங்க கதவோரம் நின்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குங்க.

மூணாவது சீசனைப் பெரிய சேனல் ஒண்ணு வாங்குச்சு. வந்துச்சு பாருங்க சனியன்! சிங்களப் பேச்சுக்குத்தான் முதல்ல வாய் வரைஞ்சாங்க. தமிழை அதுக்குள்ள திணிக்கணும். பேச்சு முடிஞ்சும் ஆட்டுக்கு வாய் ஆடிக்கிட்டே இருக்கும், அதுக்காக என்னத்தையாவது உளறணும். நாலாவதுல ஆட்டுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக் கொழும்பு ஃபிளாட்டுல குடிவெச்சாங்க. அஞ்சாவதுல விண்வெளிக்கு அனுப்பினாங்க. லயத்து ஆட்டுக்கு அங்க என்னய்யா வேலை? சொல்லக் கதை இல்லை, அதனால எதைப் பேசினாலும் கடைசியில "மே...ஏ...ஏ"ன்னு கத்திக் குப்புற விழணும். அதுதான் சிரிப்பாம்.

அப்பவே விட்டுட்டு வந்திருக்கலாம். மனசு வரலையே! தான் போனா மூக்காயியை வேற எவளோ பேசுவாங்கிறதை அவளால நினைச்சுக்கூடப் பார்க்க முடியலை. கொழும்புல ஒரு பொண்ணு தயாரா இருக்கான்னு ஷப்ராஸும் அப்பப்ப காதுல போட்டு வைப்பார்.

அந்த வருஷ ஐப்பசியில அவளோட அம்மா பாப்பம்மா செத்துப்போனா. அப்பா வீரய்யா மலையில தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுற ஆள். மாசி வந்தா காப்புக் கட்டி, மீசையை எடுத்து, காமன் கூத்துல ரதி வேஷம் போடுவார். சிவன் மன்மதனை எரிச்சதும் ரதி சாம்பலுக்குப் பக்கத்துல விழுந்து புலம்புவா. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டு ஆளுங்க எல்லாம் அதோட சேர்ந்து அழுது தீர்த்துக்குவாங்க. பொண்டாட்டி கருமாதியில வீரய்யா கண்ணுல ஒரு சொட்டு வரலை. "மாசியில அழுதுக்கிறேன்"னு சொல்லிட்டார்.

ஆறாவது சீசன்ல மூக்காயி லயத்துக்கே திரும்பி வருதுன்னாங்க. ஜெயராணிக்கு உச்சி குளுந்துபோச்சு. போய்ப் பார்த்தா காமன் கூத்துக் கதை. சேலை கட்டின ஆடு சாம்பல்ல விழுந்து புலம்புது, தும்முது, மே...ன்னு கத்துது.

"ஷப்ராஸ் நானா, இது சாவு வீட்டு அழுகை. இதை வெச்சா சிரிக்கிறது?"

ஷப்ராஸ் தலை நிமிரலை. "எனக்கு வெளங்காதா தங்கச்சி? அழுதா புள்ளைகள் சேனலை மாத்திடும்ங்கிறாங்க. படமும் வரைஞ்சு முடிஞ்சே. ஏலாட்டி சொல்லுங்க, வேற ஆளைப் பார்க்கிறேன்."

அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் அவ பயந்தா. அப்பாவோட மெட்டுலயே பாடினா, சொன்ன இடத்துல கத்தினா. பாழாப்போன குரல், அன்னைக்குன்னு பார்த்து நல்லா வந்துச்சு! ரெக்கார்டிங் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

தை மாசம் டிவியில போச்சு. வீரய்யா பார்த்துட்டு, "என் பாட்டா?"ன்னார்.

"ஆமாப்பா."

அவர் எழும்பிக் குளிக்கப் போயிட்டார்.

மாசியில கூத்து. விடிஞ்சு வர்ற நேரம் மன்மதன் எரிஞ்சு அடங்கினான். சிவப்புச் சேலையில வீரய்யா சாம்பல் பக்கத்துல விழுந்து புலம்பத் தொடங்கினார். குரல் உடைஞ்சு வந்துச்சு, அது வேஷக் குரல் இல்லைன்னு ஜெயராணிக்குத் தெரிஞ்சுது. மூணாவது வரிக்கு வந்தப்ப முன்னால இருந்த ஒரு புள்ள "மே...ஏ...ஏ"ன்னுச்சு. அடுத்த புள்ளையும் கத்துச்சு, பிறகு எல்லாம் சேர்ந்து கத்துச்சுங்க. தாய்மாருங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாளுங்க, ஆனா தோளு குலுங்குது. வீரய்யாவோட வாய் திறந்தபடி நின்னுபோச்சு, சத்தம் வரலை. அதையும் வேடிக்கைன்னு நினைச்சு இன்னும் சிரிச்சாங்க.

ஜெயராணிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கூட்டத்தை விலக்கிக்கிட்டு ஓடி, "சிரிக்காதீங்க! எங்கம்மாவுக்கு அழுறாரு! சிரிக்காதீங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்தினா.

புள்ளைங்க குதிச்சு எழும்புச்சுங்க. "மூக்காயி! டேய், மூக்காயி பேசுதுடா!"

லயமே சிரிச்சுது. வீரய்யா சேலையில ஒட்டின சாம்பலைத் தட்டிட்டு எழும்பினார். பாப்பம்மாவுக்காக அவர் இன்னும் அழுது தீர்க்கலை.