மைனஸ் 84-இல் ஒரு புதுமாப்பிள்ளை

ரமழான் நோன்பு பதினெட்டு. காலை 9.40. வைஃபை சிக்னல் மைனஸ் 84.

இந்த எண் சைபருக்குக் கிட்ட வர வரத்தான் நல்லது. 84 என்றால் சாகக் கிடக்கிறது என்று அர்த்தம். பதினொரு மணிக்கு எனக்கு வீடியோ இன்டர்வியூ... வேலை கிடைத்தால் கல்முனையில் இருந்தே செய்யலாம். இல்லாவிட்டால் அடுத்த மாதம் கட்டாருக்கு உழைக்கப் போகவேண்டும்.

கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதம். எங்கள் ஊர் வழக்கப்படி மனைவி ரிஸ்னாவின் வீட்டில்தான் இருந்தேன். முன்னறை எங்களுக்கு, பின்னறை மாமிக்கும் மாமாவுக்கும். இன்டர்நெட் வயர் வருவது பின்னறைக்கு; நான் வாங்கிய ரவுட்டரும் அங்கேதான்.

நான் விண்டோஸ் தொடாத லினக்ஸ்காரன். பிழை என்றால் லேப்டொப்பில்தான் தேடுவேன். பவர் சேவிங்கை நிறுத்தினேன். டிரைவரை மாற்றினேன். லினக்ஸின் பழைய கேர்னலுக்கு மாறியும் பார்த்தேன். மைனஸ் 84, மைனஸ் 85... மூன்று நாள் இதே வேலை.

பதினைந்து அடி நடந்து ரவுட்டரைப் பார்த்திருக்கலாம். ஆனால் புதுமாப்பிள்ளை மாமியின் அறைக்குள் நுழைவதா? மாமியும் நானும் அதுவரை நேரே கதைத்ததே இல்லை. எல்லாம் ரிஸ்னா வழியாகத்தான்.

10.35. கதவுக்கு அப்பால் மாமி ரிஸ்னாவிடம் கேட்பது காதில் விழுந்தது.

"என்னவாம் புள்ள, மாப்பிள முகம் மூணு நாளா வாடிக் கிடக்கு? நோன்பு கடுமையா?"

"நோன்பில்ல உம்மா. சிக்னல் இல்லியாம்."

"அந்தப் பெட்டி பத்திரமாத்தானே இரிக்கி. இரும்பலுமாரிக்குள்ள பூட்டி வெச்சிரிக்கன்."

கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் சாமானில் தூசி படக்கூடாதாம். மாமி அதைக் கல்யாணச் சாரிகளுக்கு நடுவில் வைத்து, அலுமாரியின் பின்பக்கம் ஓட்டை போட்டு வயரையும் விட்டிருந்தா.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"மாமி, அதக் கொஞ்சம் வெளிய வைக்கலாமா?"

"ஓம் மகன். இத மூணு நாளைக்கு முதலே கேட்டிருக்கலாமே."

மைனஸ் 52. வேலை கிடைத்தது. கட்டார் போகவில்லை.

இப்போது அதே வளவில், மாமி வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்குத் தனி வீடு, தனி ரவுட்டர். எந்த மூலையில் நின்றாலும் முழு சிக்னல். மாமியும் என்னோடு தாராளமாகக் கதைப்பா... வட்ஸ்அப்பில். நேற்று ஒரு வொய்ஸ் வந்தது.

"மகன், உங்களக் கண்டு நாலு நாளாச்சு."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிகூட இல்லை. அன்று கூச்சம் தடுத்தது. இன்று எதுவுமே தடுக்கவில்லை, ஆனாலும் போகவில்லை.

ஆகவே, இன்று:

1. லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டு ஹோலுக்குப் போவது.
2. சிக்னல் எப்படி இருந்தாலும் மீட்டிங்கை அங்கிருந்தே செய்வது.
3. முடிந்ததும் உடனே எழும்பாமல் இருப்பது.