அஸர் நேரத்துப் பொய்

சாய்ந்தமருதில் மணப்பெண் சோடிக்கிற முஸ்பிறாவை அறியாத வீடு குறைவு. கருமை படர்ந்த இடத்தில் ஆரஞ்சுக் களிம்பை விரல் நுனியால் தட்டி, அதன்மேல் முகத்து நிறப் பூச்சைப் போட்டால் கறுப்பு இருந்த சுவடே தெரியாது. சிவந்த பருவுக்குப் பச்சைக் களிம்பு. நல்ல கைராசிக்காரி. வாய்தான் கொஞ்சம் நீளம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கல்யாணத்துக்குச் சோடிப்பாளே தவிர, பெண் பார்க்க வரும் நாளுக்குச் சோடிக்க மாட்டாள். வருகிறவர்களுக்கு உள்ள முகத்தைத்தான் காட்ட வேண்டும் என்பாள். மருதமுனை றிபாவின் உம்மா வந்து அழுததில் அந்த வைராக்கியம் கரைந்தது. றிபாவின் இடது கன்னத்தில் சின்ன வயதில் கொதிநீர் பட்ட கருந்தழும்பு. அதனால் மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது.

"இந்த ஒருதரம் மட்டும் மறைச்சு உடுங்க ராத்தா. கல்யாணத்துக்கு முந்தி நாங்களே சொல்லிருவம்."

மறைத்துவிட்டாள். கல்முனைக்குடியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் உம்மா ஸஹ்றாவுக்குப் பெண்ணை நன்றாகப் பிடித்துப்போனது. வட்டிலப்பமும் கதையுமாக இருக்கும்போது பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பள்ளியில் பாங்கு சொன்னது.

"வா மகள், சேந்து தொழுவம்" என்று ஸஹ்றா றிபாவின் கையைப் பிடித்தார்.

தொழுவதென்றால் முதலில் வுழூச் செய்ய வேண்டும், கை கால் முகம் கழுவ வேண்டும். கழுவினால் தழும்பு வெளியே வந்துவிடும். றிபா உம்மாவைப் பார்த்தாள். உம்மா நிலத்தைப் பார்த்தார். கதவோரம் நின்ற முஸ்பிறா முந்திக்கொண்டாள்.

"புள்ளைக்கு இண்டைக்குத் தொழுகை இல்ல மாமி."

மாதவிலக்கு என்று நினைத்து ஸஹ்றா சிரித்துக்கொண்டே கையை விட்டார். தொழுதுவிட்டு வந்தவர்கள் பொழுது சாய்ந்து மஹ்ரிப் பாங்கு சொல்லும் வரை கிளம்பவில்லை. றிபாவின் அஸர் தொழுகை தவறிப்போனது. தழும்பை மறைத்ததுகூட முஸ்பிறாவுக்குப் பெரிதாகப் படவில்லை. தொழுகையை வைத்துப் பொய் சொன்னதுதான் உறுத்தியது. தொழப் போனால், தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்டுவதற்கே கை கூசியது.

பத்தாம் நாள் றிபாவின் உம்மா போன் எடுத்தார்.

"மனசு கேக்காம மகள் ஸஹ்றா மாமிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாள். தழும்பு அல்லாஹ் தந்தது, அதுக்கு ஒண்டுமில்லயாம். தொழுகையில பொய் சொன்ன புள்ள வேணாமாம். உங்களச் சொல்லச் சொன்னதே தான்தான் எண்டு பழிய அவள் ஏத்துக்கிட்டாள் ராத்தா."

முஸ்பிறா அன்றைக்கே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. கல்யாணங்கள் நிறைந்த மாதம். ஊரில் பேர் கெட்டால் யார் கூப்பிடுவார்கள்? நாளைக்கு, நாளைக்கு என்று எட்டு நாளைக் கடத்தினாள். இதை எழுதும்போது எனக்கே கோபம் வருகிறது. அவளுக்கோ தன்மேலேயே அருவருப்பு. ஒன்பதாம் நாள் ஆட்டோ பிடித்துக் கல்முனைக்குடிக்குப் போனாள்.

"றிபா ஒண்டும் சொல்லச் சொல்லல்ல மாமி. நானாத்தான் சொன்னன். தொழில் போயிரும் எண்டு பயந்து இவ்வளவு நாளும் வாய மூடிட்டு இருந்தன்."

ஸஹ்றா தேத்தண்ணிக் கோப்பையை அவள் முன்னால் வைத்தார்.

"அப்ப உங்களக் காப்பாத்தவா அந்தப் புள்ள என்னட்ட அவ்வளவு ஏச்சும் வாங்கினாள்?"

"ஓம் மாமி."

"முந்தநாத்துத்தான் மகனுக்கு வேற இடத்தில வாக்குக் குடுத்தம். மூணு நாளைக்கு முந்தி வந்திருந்தீங்க எண்டா, நானே மருதமுனைக்குப் போய் அவள்ட கையப் புடிச்சிருப்பன்" என்றார் ஸஹ்றா. "தேத்தண்ணி ஆறுது, குடிங்க."