நாலு வீலும் இழுக்கும்

பழைய ஜீப் ஒன்றை வாங்கிய வாரம், நசரத்பேட்டையில் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். எதைக் கேட்டாலும் டயரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“ஃபோர் வீல் டிரைவ் வண்டிதானே, மழைக்கு இந்த டயரே போதாதா?” என்று கேட்டேன்.

“நாலு வீலும் இஸ்துகினு போவும் சார். பிரேக் புடிச்சா நிக்கிறது டயர் கையிலதான் கீது. என்கிட்டயும் இதே மாதிரி வண்டி இருந்துச்சு. மழைல போறேன், முன்னால பைக்ல ஒருத்தரு. வண்டி நிக்கல சார்.”

பைக்கில் போனவர் பிழைத்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டயர் விற்பதற்காகச் சொல்லும் கதையோ என்றும் ஒரு கணம் தோன்றியது.

நான்கு டயரையும் மாற்றிவிடச் சொன்னேன். அவர் கை டயரிலேயே இருக்க, கண் சாலையில் நிலைத்திருந்தது; நான் சொன்னது அவர் காதில் விழ, மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.