எந்த இறக்கை மேலே

ரேடியோவில் இயங்கும் சிறிய ஹெலிகாப்டரின் இறக்கைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு இறக்கைகளைச் சுற்ற விட வேண்டும். இன்னொருவர் நன்றாகத் தள்ளிப் போய்க் குத்தவைத்து, கண்ணுக்கு நேர் மட்டத்தில் அவற்றைப் பார்க்க வேண்டும். ஓர் இறக்கை நுனியில் சிவப்பு டேப், இன்னொன்றில் மஞ்சள். மட்டம் சரியாக இருந்தால் வேகத்தில் இரண்டும் ஒரே கோடாகத் தெரியும். இல்லையென்றால் இரண்டு கோடு. எந்த நிறம் மேலே என்று பார்ப்பவர் சொல்ல, மோட்டாரை நிறுத்திவிட்டு அந்த இறக்கையைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பியின் நீளத்தைத் திருகி மாற்ற வேண்டும். பிறகு மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும்.

எனக்குப் பார்த்துச் சொன்னவர் அப்பா.

எஞ்சினியரிங் கல்லூரியில் உடைந்து ஓரமாகக் கிடந்த அந்த ஹெலிகாப்டரை, நான் படிப்பை முடித்துக் கிளம்பும்போது ஆசிரியர் ஒருவர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த மாதங்களில் அதைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன். முதல்முறை மோட்டார் சத்தம் கேட்டபோது அப்பா, “என்னலே, ஒங்கம்மை மிக்ஸியக் கழட்டிட்டியா?” என்றார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் கூப்பிடுமுன்பே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

அப்பா ஸ்கூல் வேன் ஓட்டினார். சொந்த வண்டி. ஊர்க் கால்வாய்க்கு அந்தப்பக்கம் வயலை மூடி பிளாட் போட்டிருந்தார்கள். வீடு ஒன்றும் வரவில்லை. தார் ரோடு மட்டும் சும்மா கிடந்தது. அங்கேதான் ஹெலிகாப்டரை வைப்போம். அப்பா தூரத்தில் எல்லைக்கல் பக்கம் குத்தவைத்துக்கொண்டு குரல் கொடுப்பார். “மஞ்சள் தூக்குதுலே. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப ஒண்ணாயிட்டு.” அவர் சொன்னது சரியாகவே இருக்கும். எந்திரம் ஆடாமல் எழும்பும்.

அறுப்பு முடிந்த ஒரு ஞாயிறு, புது இறக்கைகள் மாட்டியிருந்தேன். சுற்றவிட்டதும் ஹெலிகாப்டர் முழுவதும் நடுங்கியது.

“எப்பா, எது மேல?”

“சிவப்பு.”

சிவப்பைத் தாழ்த்தினேன். நடுக்கம் கூடியது.

“இன்னும் சிவப்புதாம்லே.”

இன்னும் தாழ்த்தினேன். வால் வெட்டிவெட்டி அடித்தது. நான்தான் தப்புப் பக்கம் திருகிவிட்டேன் என்று நினைத்து, எல்லாத் திருகாணியையும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் போனை ஒரு கல்லின்மேல் சாய்த்துவைத்து, மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தேன். மஞ்சள் கோடு மேலே இருந்தது. அதற்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு விரலை விடலாம்.

எதையும் தொடாமல் மறுபடி சுற்றவிட்டேன்.

“எப்பா, இப்ப?”

“இப்ப ஒண்ணாயிட்டு. நல்லாருக்கு.”

மோட்டாரை நிறுத்தினேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலையைக் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் பார்க்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

“கண்ணுல என்னப்பா?”

“ஒண்ணுமில்லலே. நடுவுல மட்டும் கருப்பா ஒண்ணு நிக்கி. சுத்தி எல்லாம் தெரியுது.”

“எப்பமிருந்து?”

“பொங்கலுக்கு முன்னாடியிலேருந்து.”

“வண்டி ஓட்டுதியளே.”

“அந்த ரோடு எனக்குத் தெரியாதாலே? கண்ண மூடிக்கிட்டு...” என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு நான் கேட்டேன், “தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்லா. ஏன் சிவப்புன்னு சொன்னிய?”

“நீ கேக்கியேன்னு சொன்னேன்.”

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீட்டில் யாரிடமும் நான் சந்தேகம் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஆளில்லை. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான். பரீட்சை நேரங்களில் நான் படித்து முடிக்கிறவரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். என் படிப்பு சம்பந்தமாக நான் அவரிடம் கேட்டது, எந்த இறக்கை மேலே என்பது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் தனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டு, “நாளைக்கு ஒரு நாள் வண்டிய எடுத்துக்கிடும் வே, எனக்குக் கொஞ்சம் சோலி கெடக்கு” என்றார். திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரையால் வந்தது, போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னார். அப்பா அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், வேனில் வரும் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சொல்ல உட்கார்ந்தோம். போனில் நம்பர்கள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். “இனி வேற ஆள் வருவாரு, நல்ல ஆளுதான்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். முன்சீட்டில் உட்காரும் ஒரு பாப்பாவின் அம்மா விடவில்லை.

“ஏன் அண்ணாச்சி, நீங்க எப்ப வருவிய? இவ வேற ஆள் வண்டியில ஏற மாட்டேன்னு நிக்கா.”

அப்பா போனை என் பக்கம் நீட்டினார்.

“அப்பா இனி ஓட்ட மாட்டாங்கக்கா. கண்ணு சரியாத் தெரியல” என்றேன்.

“அய்யோ பாவம். எப்பமிருந்து தம்பி?”

பொய் சொல்ல வரவில்லை. “பொங்கலுக்கு முன்னாடியே.”

“அப்ப இவ்வளவு நாளும் எம்புள்ளய...” என்று அந்த அக்கா தொடங்கி, முடிக்காமலே வைத்துவிட்டார்.

“என்ன சொன்னாவ?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்லப்பா.”

“எனக்கும் கேட்டுதுலே.”

அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா கண்ணைத் துடைத்தாரா, வேர்வையைத் துடைத்தாரா, தெரியவில்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

“அடுத்த வீட்டுக்குப் போடு. நானே சொல்லுதேன்.”

போட்டுக் கொடுத்தேன். மணி அடித்து எடுத்ததும், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு பேசினார்.

“நான் வேன் டிரைவர் பேசுதேன். எனக்குப் பொங்கலுக்கு முன்னாடியிலேருந்தே கண்ணு செரியில்ல. சொல்லாமத்தான் ஓட்டிட்டு இருந்தேன்.”