வெந்நீர் வந்த ஓடை

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கை கழுவக் குழாயைத் திறந்தேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்! கத்திக்கொண்டு இரண்டடி பின்னால் துள்ளினேன்.

"மொட்டைமாடித் தொட்டித் தண்ணி மே மாசத்துல பின்ன எப்படி வரும்? செத்த நேரம் ஓடவிட்டா ஆறிரும். அதுக்குப் போயி மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றாள் மனைவி.

வெளுத்ததற்குக் காரணம் குழாய் அல்ல. ஓர் ஓடை.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். மில்லுக்கே ஒரு கம்ப்யூட்டர்தான். அதற்குத் தனி ஏ.சி. ரூம். வெயில் காலத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் என்னிடம் சந்தேகம் கேட்க வருவார்கள் — சந்தேகம் தீர்ந்த பிறகும் போக மாட்டார்கள்!

பவர்கட் தொல்லை தாங்காமல் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. கூமாப்பட்டிக்கு மேலே, கோடையிலும் வற்றாத ஓடை ஒன்று. அதை மலையிலேயே மறித்து, குழாயில் இறக்கி, அடிவாரத்தில் டர்பைனைச் சுற்றவிட்டால் அங்கிருக்கும் அவருடைய பருத்தி ஜின்னிங் ஃபாக்டரிக்குச் சொந்தக் கரண்ட்!

ஒரே ஓர் இடைஞ்சல். தண்ணீர் குழாய்க்குள் போனால் நடுவில் ஓடை மெலிந்துவிடும். அந்த நடுவில்தான் அம்மன் கோயில் மடு. மடு நிறைய மீன். யாரும் பிடிக்க மாட்டார்கள். சாமி மீன். ஏதாவது நேர்ந்துகொண்டு பொரி போடுவார்கள். மீன் வந்து வாங்கிக்கொண்டால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். பொரி விற்றவர் மகாராஜபுரம் பேச்சியக்கா. மீன் இல்லையென்றால் அக்காவுக்குப் பிழைப்பும் இல்லை.

முதலாளிக்கும் உள்ளூரப் பயம்.

"சாமி மீனு ஒன்னு செத்தாலும் என் குடும்பத்துக்கு ஆகாதுய்யா. கோடைல அந்தத் தண்ணி எம்புட்டு சூடாகும்னு மிஷின்ல போட்டுச் சொல்லு."

"மொதலாளி... அது சம்பளக் கணக்கு போடுற மிஷின்."

"சம்பளக் கணக்கு தெரிஞ்ச மிஷினுக்குத் தண்ணிக் கணக்கு தெரியாதாக்கும்?"

ஒரு காலேஜ் பேராசிரியரிடம் சூத்திரம் வாங்கினேன். ஓடையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஆழம், வேகம், காற்று, நிழல் எல்லாம் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். நிழலை எப்படி அளப்பது? பாறையில் மல்லாந்து படுத்து, மேலே இலை எவ்வளவு, வானம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியதுதான். நைட் வாட்ச்மேனுக்கு அடுத்தபடியாக, படுத்துக்கொண்டே சம்பளம் வாங்கியவன் நான்தான். ஆனால் பாறை சுடும். படுப்பேன், அலறி எழுவேன்.

"என்ன சார், ரெண்டு பக்கமும் வெந்துருச்சா?" என்பார் பேச்சியக்கா.

கம்ப்யூட்டர் சொன்ன விடை: மடுவில் மத்தியானம் இரண்டு மணிக்கு முப்பத்திநாலு டிகிரி. மீன் திணறும், ஆனால் பிழைத்துக்கொள்ளும் என்றார் பேராசிரியர். முதலாளி நம்பவில்லை. வாட்ச்மேனுக்கு ஒரு மாதம் மானேஜர் சம்பளம் போட்டுக்கொடுத்த ஆளை யார் நம்புவார்கள்?

"ஒரு நா அடைச்சுப் பாத்துருவோம்."

மே மாதத்தில் ஒரு காலை. மேலே ஆட்கள் மணல் மூட்டை அடுக்கி, ஓடையைப் பக்கத்துப் பள்ளத்தில் திருப்பினார்கள். மடுவுக்கு ஒரு சின்னக் கசிவு மட்டும். கீழிருந்து விசில் ஊதினால் மூட்டைகளை எடுத்துவிட வேண்டும். கீழே முதலாளி, பேச்சியக்கா, நான்.

முதலில் போனது சத்தம்.

அதுவரை அங்கே சத்தம் இருந்ததே எனக்குத் தெரியாது. ஓடை நின்றதும், காடு மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்ப்பது போல... நான் பேசினால் பக்கத்தில் வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். என்னைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

வெயில் ஏறியது. அக்கா ஒரு பிடி பொரி போட்டார். பொரி மிதந்தது. ஒரு மீன்கூட வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். கசிவு விழும் மூலையில் அத்தனை மீனும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. எல்லாத் தலையும் ஒரே திசையில். வாய்கள் மட்டும் திறந்து மூடின. எல்லாம் ஒரே நேரத்தில்... ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வது போல.

இரண்டு மணி. தெர்மாமீட்டரைத் தூக்கிப் பார்த்தேன். முப்பத்திநாலு.

வாழ்க்கையில் முதன்முறையாக என் கணக்கு சரியாக வந்திருக்கிறது. துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? தெர்மாமீட்டரை மறுபடியும் தண்ணீருக்குள் விட்டேன். ஏ.சி. ரூமில் நான் தட்டிய எண், எனக்கு முன்பே மலையேறி வந்து தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தது!

"போதும்யா... விசில ஊது," என்றார் முதலாளி, தாழ்ந்த குரலில்.

ஊதினேன். கொஞ்ச நேரத்தில் மேலே இரைச்சல். அப்பாடா என்று மூச்சுவிட்டேன். ஓடை மடுவுக்குள் நுழையும் வாய்மடையில் நின்ற அக்காவின் காலைத்தான் தண்ணீர் முதலில் தொட்டது.

"எய்யா... வெந்நியில்லா வருது!"

காலையிலிருந்து காய்ந்து கிடந்த பாறைகள். அத்தனை சூட்டையும் வாரிக்கொண்டு முதல் தண்ணீர் இறங்கியது. பாறை சுடும் என்பது என் முதுகுக்குத் தெரியும். என் ப்ரோகிராமுக்குத் தெரியாது. மீன்கள் ஒதுங்கி நின்றதோ, அது வந்து விழும் அதே மூலையில். கண்ணெதிரே பாதரசம் ஏறியது. ஒரு மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிப் புரண்டது.

அக்கா தன் பொரிக் கடைக்கு மேலே கட்டியிருந்த படுதாவை உருவி, வாய்மடையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மொதலாளி, அந்தப் பக்கம் வந்து உக்காருங்க!"

"நானா?"

"பின்ன, ஓடைய நானா அடைச்சேன்?"

வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தார் முதலாளி. இடைவெளியில் நான். மூன்று பேர் கட்டிய அணை! வெந்நீர் எங்கள் முழங்காலில் மோதி, பக்கத்துச் சரிவில் வழிந்தது.

முதுகுக்குப் பின்னால், முதுகை நனைத்துக்கொண்டு மடு. முதுகில் ஏதோ தொட்டது. மெத்தென்று... ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு முதுகு முழுக்க. வாய்கள். கடிக்கவில்லை. வெறுமனே தொட்டுக்கொண்டு நின்றன. திரும்பிப் பார்க்க மூன்று பேருக்குமே தைரியம் வரவில்லை.

தண்ணீர் குளிர்ந்ததும் எழுந்தோம். முதலாளிக்கு வீட்டில் பேசும் தெலுங்குதான் முதலில் வந்தது. "ஒத்து... ஒத்து. வேண்டாம்யா. இந்தத் தண்ணிய நான் தொடல."

தொடவில்லை. ஃபாக்டரிக்கு ஜெனரேட்டர் வாங்கிவிட்டார்.

புரண்ட மீனைக் கோயிலுக்குப் பின்னால் புதைத்தோம். சில நாளில் மற்ற மீன்கள் பொரிக்கு வந்தன. அக்கா போட்டால் வரும். முதலாளி போட்டாலும் வரும். நான் போட்டால்தான் பொரி அப்படியே மிதக்கும். போன மாதம் போனபோதும் அதே கதை. கும்பிட வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பேச்சியக்கா மெதுவாகச் சொன்னார்: "சார்... செத்த தள்ளி நில்லுங்க. யாவாரம் கெடுது."